மெஸ்ஸிக்கு இல்லாத பணம் லெவாண்டோவ்ஸ்கிக்கு எங்கிருந்து வந்தது? (கடன், சம்பளம், டிரான்ஸ்ஃபர் எல்லாம் இங்கேயே பேசுவோம்)

கிழக்கு கேலரி:

டிரான்ஸ்ஃபர் (வீரர் கிளப் மாறுவது) செய்தி இழையில் ஒவ்வொரு முறையும் இதே சண்டை வந்து நிற்பதால் தனியாக ஒன்று தொடங்குகிறேன். 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியை ஸ்பெயின் லீக்கான லா லீகாவில் பதிவு செய்ய வழியே இல்லை என்று பார்சிலோனா கைவிரித்தது. அவர் பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்ட பிறகும் முடியவில்லை. அடுத்த கோடையிலேயே அதே கிளப் லெவாண்டோவ்ஸ்கி, ரஃபீன்யா, குண்டே மூவரையும் வாங்கியது, மொத்தம் 15 கோடி யூரோவுக்கு மேல். இரண்டும் எப்படி ஒரே கிளப்பில் ஒரு வருட இடைவெளியில் நடக்கும்?

என் பார்வையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியையும் கோவிட் மேல் போடுவதை நான் ஏற்கவில்லை. கோவிட் வராவிட்டாலும் இது வெடித்திருக்கும், இரண்டு மூன்று வருடம் தள்ளி வெடித்திருக்கும், அவ்வளவுதான்.

2017 ஆகஸ்டில் பார்சாவிடமிருந்து (பார்சிலோனாதான்) நெய்மாரை பாரிஸின் பிஎஸ்ஜி 22.2 கோடி யூரோ கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. அவ்வளவு பெரிய தொகை கையில் இருப்பது ஐரோப்பாவில் எல்லோருக்கும் தெரியும், அதனால் பார்சா எந்தக் கதவைத் தட்டினாலும் விலை ஏறியது. அதே மாதம் டெம்பெலேவுக்கு ஜெர்மனியின் டார்ட்மண்ட் 10.5 கோடி கேட்டு வாங்கியது, மேற்கொண்டு போனஸ் தனி. அடுத்த ஜனவரியில் கோட்டின்யோ, 12 கோடி, அதற்கும் போனஸ் தனி. 2019 கோடையில் கிரீஸ்மேன், இன்னொரு 12 கோடி. இந்த மூன்று பேரில் யாராவது நெய்மார் விட்டுப்போன இடத்தை நிரப்பினார்களா? கோட்டின்யோ ஜெர்மனியின் பேயர்னுக்குக் கடனாக (கொஞ்ச காலம் வேறு கிளப்புக்கு ஆட) போய், 2020 லிஸ்பனில் அந்த 8-2 ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி நமக்கு எதிராகவே இரண்டு கோல் அடித்தார், அவருடைய பதிவு பார்சாவிடம் இருக்கும்போதே. அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

2018-19 சீசனுக்கு டிலாய்ட் என்ற கணக்கு நிறுவனம் போட்ட வருமானப் பட்டியலில் 84 கோடி யூரோவோடு முதலிடம் பார்சாவுக்கு, உலகத்திலேயே அதிக வருமானம் உள்ள கிளப். இரண்டே வருடத்தில், 2021 ஆகஸ்டில், கடன் 135 கோடி என்று அந்த வருடம் தலைவரான லப்போர்டா மேடையில் உட்கார்ந்து சொல்கிறார். சம்பளச் செலவு வருமானத்தில் 103 சதவீதம் என்றும் சொன்னார். பதவிக்கு வந்ததும் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே 8 கோடி கைமாற்றாக வாங்க வேண்டியிருந்தது என்றும் சொன்னார். இவ்வளவு வருமானம் வந்த கிளப்பின் கதை இது.

மேட்ச்டே ரசிகன்:

அண்ணா, நான் இங்கே புதிது, ஒரு சந்தேகம். 84 கோடி வருமானம் வரும்போது வருடத்துக்கு 12 கோடியில் ஒருவரை வாங்குவது அப்படி என்ன பெரிய செலவு? மீதி எங்கே போனது?

தணிக்கை:

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

12 கோடி கொடுத்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் அந்த 12 கோடி ஒரே வருடத்தில் செலவாக விழாது. ஐந்தாகப் பிரித்து வருடத்துக்கு 2.4 கோடி என்று எழுதுவார்கள். கையிலிருந்து போகிற பணமும் பெரும்பாலும் தவணைதான். அதனால் வாங்குகிற வருடத்தில் அது பெரிய செலவாகவே தெரியாது. இந்த வருடம் ஒருவர், அடுத்த வருடம் ஒருவர், அதற்கடுத்த வருடம் ஒருவர் என்று வாங்கிக்கொண்டே போனால் நான்காவது வருடம் எல்லாருடைய பங்கும் ஒன்றாக வந்து விழும். அந்த நேரத்தில் ஒருவரை விற்கலாம் என்றால், புத்தகத்தில் அவருக்கு இன்னும் மிச்சமிருக்கிற மதிப்பைவிடக் குறைவாக விற்றால் அந்த வித்தியாசம் உடனடி நஷ்டமாக ஏறும். கோட்டின்யோவை யாரும் பழைய விலைக்கு வாங்க மாட்டார்கள், கிளப்பும் குறைந்த விலைக்கு விற்கத் தயங்கும், ஆகவே சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டே அவரைக் கடனாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2022இல் ஆஸ்டன் வில்லா கொடுத்தது 2 கோடி.

டிரான்ஸ்ஃபர் தொகையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் உண்மையான பாரம் சம்பளம். டிரான்ஸ்ஃபர் தொகை ஒரு நாள் தீர்ந்துவிடும். ஒருவருக்கு உயர்ந்த சம்பளம் கொடுத்துவிட்டால் பக்கத்து லாக்கரில் இருப்பவரும் கேட்பார், ஒப்பந்தம் முடிகிறவரை யாரும் குறைக்க முடியாது. மெஸ்ஸியின் 2017 ஒப்பந்தம் நான்கு வருடத்தில் 55.5 கோடி யூரோ வரை போகக்கூடியது என்று எல் முண்டோ பத்திரிகை 2021 ஜனவரியில் பக்கத்தோடு வெளியிட்டது. மெஸ்ஸி அதற்குத் தகுதியானவரா என்பது வேறு பேச்சு, அவரால் வந்த விளம்பர வருமானமே கணக்கில்லாதது. ஆனால் அவருக்குக் கொடுத்ததை அளவுகோலாக வைத்து மற்றவர்களுக்கும் ஏற்றியதுதான் கிளப்பை அழுத்தியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. 2020 ஜூன் 29. பார்சாவுக்கும் இத்தாலியின் யுவெண்டஸுக்கும் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. அதற்கு முந்தைய நாள் பார்சா தன் 23 வயது ஆர்தரை யுவெண்டஸுக்கு 7.2 கோடிக்கு விற்றது, யுவெண்டஸ் தன் 30 வயது பியானிச்சை பார்சாவுக்கு 6 கோடிக்கு விற்றது. கைமாற வேண்டிய உண்மையான பணம் 1.2 கோடிதான். ஆனால் இரண்டு பேரும் பழைய விலையைக் கழித்துவிட்டுப் பெரிய லாபம் எழுதிக்கொண்டார்கள், வாங்கியதன் செலவு வருடக்கணக்கில் பிரிந்துபோயிற்று. அந்த வருடக் கணக்கைக் காப்பாற்ற அடுத்த நான்கைந்து வருடத்தின் தலையில் பாரத்தை ஏற்றினார்கள். பியானிச் பார்சாவுக்காக லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, ஒரே சீசனில் துருக்கியின் பெஷிக்டாஷுக்குக் கடனாகப் போய்விட்டார். இத்தாலியில் விற்பனை லாபத்தைச் செயற்கையாகப் பெருக்கிய வழக்கில் யுவெண்டஸுக்கு 2023இல் 15 புள்ளி வெட்டினார்கள், அப்பீலில் திரும்பக் கொடுத்து, மே மாதம் மறுபடி 10 வெட்டினார்கள். அதற்கு முன்பே யுவெண்டஸ் தலைவர் அன்யெல்லியும் மொத்த இயக்குநர் குழுவும் ராஜினாமா செய்துவிட்டார்கள்.

கேம்ப்நோ வாசி:

எல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசாதீர்கள். பார்சா ஒரு ஷேக்கின் சொத்து கிடையாது, ஒரு அமெரிக்க நிதி நிறுவனத்தின் சொத்தும் கிடையாது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் கிளப். நஷ்டம் வந்தால் பாக்கெட்டிலிருந்து காசோலை எழுதிக் கொடுக்க முதலாளி இல்லை. 2020இல் உறுப்பினர்களே கையெழுத்து திரட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், அதற்கு வாக்கெடுப்பு வரும் முன்பே அக்டோபரில் அன்றைய தலைவர் பார்த்தொமேவு விலகினார். வேறு எந்தப் பெரிய கிளப்பில் ரசிகன் தலைவரை இப்படி அனுப்ப முடியும், சொல்லுங்கள்.

லா லீகா விதியையும் பாருங்கள். ஒவ்வொரு கிளப்புக்கும் வருமானத்தை வைத்து ஆட்டக்காரர் செலவுக்கு ஓர் உச்சவரம்பு. 2019-20இல் பார்சாவுக்கு அது 67.1 கோடி. 2021 செப்டம்பரில் 9.8 கோடி. 2022 மார்ச்சில் மைனஸ் 14.4 கோடி, ஆமாம், மைனஸ்தான். வரம்பைத் தாண்டினால் நான்கு யூரோ மிச்சம் பிடித்தால் ஒரு யூரோ செலவழிக்கலாம் என்று அப்போது விதி. இந்த நிலையில் லப்போர்டா என்ன செய்திருக்க வேண்டும்? கையைக் கட்டிக்கொண்டு லீக்கில் ஏழாவது இடத்துக்கு இறங்கியிருக்க வேண்டுமா? சாம்பியன்ஸ் லீக் வருமானமும் போயிருந்தால் கடனை எதை வைத்து அடைப்பது? அதனால்தான் அந்த நெம்புகோல்கள் என்று சொன்ன விற்பனைகள். சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு லா லீகா டிவி உரிமையில் முதலில் 10 சதவீதம், 20.75 கோடிக்கு. பிறகு இன்னும் 15. கிளப்பின் வீடியோ நிறுவனமான பார்சா ஸ்டுடியோஸில் பாதியளவு இருவருக்கு, தலைக்கு 10 கோடி. 2023இல் லீக் கோப்பை வந்ததா இல்லையா?

கிழக்கு கேலரி:

வந்தது, நானும் குதித்தேன். ஆனால் அந்த 25 சதவீதம் டிவி உரிமை எத்தனை வருடத்துக்கு என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 25 வருடம். 2022இல் மூன்று பேரை வாங்க 2047 வரை வரவேண்டிய பணத்தில் கால்பங்கைக் கொடுத்திருக்கிறோம். இன்னும் நாற்று நடாத வயலின் நெல்லுக்கு முன்பணம் வாங்கி இந்த வருடக் கல்யாணத்தை நடத்தியது போலத்தான் இது. லெவாண்டோவ்ஸ்கிக்கு வாங்கும்போதே வயது 33, வரப்போவது மூன்று நான்கு சீசன். அவர் போய்ப் பல வருடம் கழித்தும் அந்தக் கால்பங்கு போய்க்கொண்டிருக்கும். அப்போது தலைவராக இருப்பவர் யார், அன்றைய உறுப்பினர் யார், அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

இதே லப்போர்டாதான் 2021இல் மொத்த லா லீகாவுக்குமாக சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை 50 வருடம் டிவி வருமானத்தை அடகு வைப்பது என்று எதிர்த்தார். அன்றைக்கு அவர் எதிர்த்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பத்து மாதத்தில் அதே வேலையைத் தனியாகச் செய்தார்.

எல்லண்ட் ரோடு:

நீங்கள் எல்லாரும் பேசுவது எனக்குப் பழைய கதையாக இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் இதையெல்லாம் இருபது வருடம் முன்பே பார்த்துவிட்டது.

2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, வாலென்சியாவிடம் தோல்வி. அணி முழுக்க இளைஞர்கள். ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள், அன்றைக்கு அது பிரிட்டிஷ் சாதனை விலை. வருங்கால டிக்கெட் வசூலை ஈடாகக் காட்டி 6 கோடி பவுண்டு கடன். எல்லாம் ஒவ்வொரு வருடமும் சாம்பியன்ஸ் லீக்கில் இருப்போம் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. அடுத்தடுத்து இரண்டு வருடம் தகுதி பெறவில்லை, அவ்வளவுதான். ரியோவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே விற்றார்கள், லீட்ஸ்காரனுக்கு அதைவிட வலி எது? உட்கேட் போனார். ராபி ஃபவுலரை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்றபோது அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை லீட்ஸே தொடர்ந்து கொடுத்தது, ஆடுவது இன்னொரு கிளப்புக்கு. 2004இல் கீழே இறங்கியது, மைதானத்தையும் பயிற்சி மையத்தையும் விற்றது. 2007இல் திவால் நிர்வாகம், மூன்றாம் டிவிஷன், அங்கேயும் மைனஸ் 15 புள்ளியோடு தொடக்கம். பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது 2020இல். இடையில் பதினாறு வருடம். அந்த வருடங்களில் லீட்ஸில் வளர்ந்த பையன்கள் தங்கள் அணி பெரிய அணி என்பதை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

பார்சாவுக்குப் பெயர் பெரிது, வங்கிகள் காத்திருக்கும். போர்ட்ஸ்மத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை. 2008இல் எஃப்.ஏ. கோப்பை, 2010இல் திவால். பரி கிளப்பை 2019இல் லீக்கைவிட்டே நீக்கினார்கள்.

மஞ்சள் சுவர்:

லீட்ஸ் நண்பருக்கு என் வணக்கம். டார்ட்மண்டும் அந்த விளிம்பில்தான் நின்றது. 2000இல் பங்குச் சந்தைக்குப் போன பணத்தை வீரர்களில் கொட்டினார்கள், பிறகு மைதானத்தையே ஒரு நிதியத்துக்கு விற்று வாடகைக்கு ஆடினார்கள். 2005 மார்ச் 14, டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் அந்த நிதிய முதலீட்டாளர்கள் கூடி, மீட்புத் திட்டத்துக்குச் சம்மதம் சொல்வதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். வேண்டாம் என்றிருந்தால் கிளப் அன்றோடு முடிந்திருக்கும். வீரர்கள் 20 சதவீதம் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு முன் பேயர்னே 20 லட்சம் யூரோ கடன் கொடுத்திருந்தது.

அதற்குப் பிறகு டார்ட்மண்ட் வேறு பாதையில் போயிற்று: இளம் வயதில் வாங்கு, ஆட வை, விலை வரும்போது விற்றுவிடு. மேலே பேசிய டெம்பெலேவை ரென்னிலிருந்து 1.5 கோடிக்கு வாங்கி ஒரே வருடத்தில் 10.5 கோடிக்கு விற்றது நாங்கள்தான். கோப்பைகள் குறைவுதான், ஒவ்வொரு கோடையிலும் ஒரு நல்ல ஆள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான். ஆனால் மைதானம் இன்றைக்கு எங்களுடையது.

ஓல்டு டிராஃபோர்டு:

இந்த இழையில் யுனைடெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, எங்கள் கடன் வேறு ரகம். பார்சாவும் லீட்ஸும் வீரர்களை வாங்கக் கடன்பட்டார்கள். எங்களுக்கு அதுகூட இல்லை. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் 79 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியபோது பெரும்பகுதி கடன், அந்தக் கடனைக் கொண்டுவந்து கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதுவரை கடன் இல்லாத கிளப். யாரோ எங்களை வாங்கியதற்கு நாங்களே வட்டி கட்டுகிறோம், இருபது வருடமாக.

இப்போது 2024இலிருந்து ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் கோடீஸ்வரர் பங்கு வாங்கி உள்ளே வந்து சிக்கனம் என்கிறார். 250 பேர் வேலை போயிற்று, 2025இல் இன்னும் 200 பேர் வரை என்று அறிவித்தார்கள், ஊழியர்களுக்கு இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஆன்டனியை அயாக்ஸிலிருந்து 9.5 கோடி யூரோவுக்கு வாங்கிய முடிவை எடுத்தவர்கள் யாரும் அந்த 250 பேரில் இல்லை. சாதாரண ஊழியர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். இதை நான் மன்னிக்க மாட்டேன்.

கேம்ப்நோ வாசி:

இதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். பார்சா வீரர்கள் 2020 மார்ச்சில் 70 சதவீதம் சம்பளத்தை விட்டுக்கொடுத்தபோது, மற்ற ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கிடைக்க மேற்கொண்டும் பணம் போட்டார்கள், மெஸ்ஸியே அதை எழுதி வெளியிட்டார். வீரர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தணிக்கை:

அதே மூச்சில் பார்சா வீரர் டி யோங்கையும் சொல்லுங்கள். கோவிட் நேரத்தில் கிளப்புக்கு உதவ ஒப்பந்தத்தைத் திருத்தி, உடனே வரவேண்டிய சம்பளத்தைப் பிந்தைய வருடங்களுக்குத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார். 2022இல் அந்தத் தள்ளிவைத்த பணம் வரும் நேரத்தில் அவரையே யுனைடெட்டுக்கு விற்கப் பார்த்தார்கள், சம்பளம் அதிகம் என்று சொன்னார்கள். ரசிகர்களில் சிலர் கார் அருகே நின்று சம்பளத்தைக் குறை என்று கத்தினார்கள். அவர் கேட்டது தனக்குச் சேர வேண்டியதை மட்டும். புதிய ஆட்களுக்குக் கொடுக்கப் பணம் இருந்த அதே கோடையில் பழைய ஆளுக்குக் கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடு என்று கேட்டது சம்பளம் குறைப்பதல்ல, கடனை ஏமாற்றுவது என்பது என் கருத்து.

மேட்ச்டே ரசிகன்:

அப்போது விதிகள் இருந்து என்ன பயன்? யுஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு), பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல் டிவிஷன்) எல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றன?

தணிக்கை:

பயன் இருக்கிறது, ஆனால் எந்த விதிக்கும் ஓட்டை கண்டுபிடிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். செல்சியைப் பார். செலவை ஒப்பந்த வருடங்களால் வகுக்கலாம் என்றால் வருடங்களை நீட்டிவிடுவோம் என்று 2023 ஜனவரியில் முட்ரிக், என்சோ ஃபெர்னாண்டஸ் இருவரையும் எட்டரை வருடத்துக்குக் கட்டினார்கள். யுஇஎஃப்ஏ அந்தக் கோடையிலேயே, பிரீமியர் லீக் டிசம்பரில், ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று அடைத்தன. அதோடு செல்சி தன் ஹோட்டல்களைத் தன் உரிமையாளரின் இன்னொரு நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று வருமானம் காட்டியது. பெண்கள் அணியையும் அப்படியே. மறுபக்கம் எவர்ட்டன், மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டு நஷ்ட வரம்பைத் தாண்டியதற்கு 2023 நவம்பரில் 10 புள்ளி இழந்தது, அப்பீலில் அது 6 ஆயிற்று, ஏப்ரலில் இன்னொரு 2 போயிற்று. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4. பெரிய வக்கீல் படை வைத்திருப்பவர்களுக்கு வருடக்கணக்கில் வழக்கு, இல்லாதவர்களுக்கு அதே சீசனில் வெட்டு. ரசிகன் இதைத்தான் பார்க்கிறான்.

யுஇஎஃப்ஏவின் புது விதி எனக்குப் பிடித்திருக்கிறது: சம்பளம், டிரான்ஸ்ஃபர் தேய்மானம் (மேலே சொன்ன வருடப் பங்கு), ஏஜென்ட் கமிஷன் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 90, பிறகு 80, 2025-26இலிருந்து 70 சதவீதம். 103 சதவீதத்தில் இருந்த கிளப்பை நினைத்துக்கொண்டு இந்த 70ஐப் படியுங்கள்.

கிழக்கு கேலரி:

ஓட்டை தேடும் வேலையில் பார்சாவும் குறைந்ததில்லை. 2024 ஆகஸ்டில் டானி ஓல்மோவை ஜெர்மனியின் லைப்சிக்கிலிருந்து வாங்கினார்கள், இன்னொரு வீரர் கிறிஸ்டென்சனின் காயத்தைக் காட்டி அரை சீசனுக்குப் பதிவு. டிசம்பர் 31க்குள் வரம்புக்குள் வர முடியாமல், புதுப்பிக்கிற மைதானமான கேம்ப் நோவின் விஐபி இருக்கைகளைப் பல வருடத்துக்கு விற்று 10 கோடி காட்டினார்கள். லா லீகா பதிவை நீட்டிக்கவில்லை, ஜனவரி 8இல் அரசின் விளையாட்டுக் கவுன்சில் தற்காலிக அனுமதி கொடுத்துத்தான் அவர் ஆடினார். ஏப்ரலில், அந்த 10 கோடி புதிய தணிக்கையாளரின் கணக்கில் இல்லை என்று லா லீகா அறிக்கை விட்டது. கட்டி முடிக்காத இருக்கையை விற்றுத்தான் ஒரு மிட்ஃபீல்டரை ஆட வைத்தோம்.

கேம்ப்நோ வாசி:

மைதானக் கடனை இதோடு சேர்க்காதீர்கள், அது 145 கோடி என்றாலும் வேறு வகை. மைதானம் நிற்கும், வருமானம் கொடுக்கும், அதிலிருந்தே கடன் அடையும் என்று திட்டம். சம்பளத்துக்காகக் கடன் வாங்குவதும் கல்லுக்கும் இரும்புக்கும் கடன் வாங்குவதும் ஒன்றா? அப்புறம், யமால், குபார்சி, பால்டே, கவி, இவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் விலை எவ்வளவு? ஒன்றுமில்லை. பணமில்லாத காலம்தான் லா மாசியா (பார்சாவின் இளைஞர் அகாடமி) பையன்களுக்குக் கதவைத் திறந்தது. பார்த்தொமேவு காலத்தில் யமால் முதல் அணிக்கு வந்திருந்தால் அவருக்கு மேல் 12 கோடிக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

மேட்ச்டே ரசிகன்:

அப்படியென்றால் அகாடமி பையன்களை வைத்திருப்பதுதானே எல்லாக் கிளப்புக்கும் லாபம்? ஏன் இங்கிலாந்தில் அவர்களையே விற்கிறார்கள்?

தணிக்கை:

அதற்கும் கணக்குதான் காரணம். அகாடமி பையனை வாங்கவில்லை, அதனால் புத்தகத்தில் அவன் மதிப்பு பூஜ்யம். 4 கோடிக்கு விற்றால் 4 கோடியும் அந்த வருடமே முழு லாபம். அதே 4 கோடிக்கு, வெளியிலிருந்து வாங்கிய ஒருவரை விற்றால் மிச்ச மதிப்பைக் கழித்துவிட்டுக் கொஞ்சம்தான் வரும், சில சமயம் நஷ்டம். விதிக்குள் வர அவசரமாக லாபம் காட்ட வேண்டிய கிளப் யாரை விற்கும்? செல்சி மேசன் மவுன்ட்டை விற்றது, கேலகரை விற்றது.

ஓல்டு டிராஃபோர்டு:

நாங்கள் மெக்டாமினேயை விற்றோம். சிறு பையனாக வந்து எங்களோடு வளர்ந்தவர். 2024 ஆகஸ்டில் நாப்போலி ஏறக்குறைய 3 கோடி யூரோ கொடுத்தது, அவ்வளவும் லாபம் என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த மே மாதம் நாப்போலி இத்தாலிய சாம்பியன், கடைசி ஆட்டத்தில் அவர் கோல் அடித்தார், சீரி ஆவின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அதே சீசனில் நாங்கள் லீக்கில் பதினைந்தாவது இடம்.